கிராக் மென்பொருளில் கடை நடத்துவது தவறா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறோம். கம்ப்யூட்டர் விற்றவரே ஃபோட்டோஷாப், கோரல் டிரா, கணக்கு மென்பொருளான டேலி எல்லாவற்றையும் கிராக் செய்து, அதாவது காசு கட்டாமல் உரிமப் பூட்டை உடைத்து, போட்டுக் கொடுத்தார். அது திருட்டு என்கிறாள் மகள். நகல் எடுப்பதால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

பதில்: பொருளைத் திருடினால் உரியவர் கையில் அது இருக்காது. நகலில் அப்படி இல்லை, அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் நீங்கள் ராத்திரி கண்விழித்துச் செய்த பத்திரிகை டிசைனை யாரோ பென் டிரைவில் எடுத்துப்போய் வேறு இடத்தில் அச்சடித்தால் விடுவீர்களா? ஃபைல் உங்களிடம்தான் இருக்கும், கூலி வராது.

என்னை அதைவிட அதிகம் உறுத்துவது வேறொன்று. ஐந்து ரோடு பக்கம் ஒருவர் மென்பொருளுக்கு ஒழுங்காகச் சந்தா கட்டி இதே தொழிலைச் செய்தால், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை சொல்ல முடியும். அந்தச் செலவே இல்லாத நீங்கள் குறைத்துச் சொல்லி ஆர்டரைப் பிடிக்கிறீர்கள். அடி விழுவது நேர்மையாக இருந்த நம்மூர்க்காரருக்கு. வெளிநாட்டுக் கம்பெனிதானே என்ற சமாதானமும் நிற்காது. டேலி பெங்களூருக் கம்பெனி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லையென்றால் சிறை விதிக்காமல் விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. விற்றவர் போட்டுக் கொடுத்தார் என்பதும் உதவாது, உங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே.

மாறுவது நினைப்பதைவிடச் சுலபம். படத் திருத்தத்துக்கு கிம்ப், கோரல் வேலைக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். மூன்றும் இலவசம், தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அச்சகம் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு நிற முறை) கேட்டால் ஸ்கிரைபஸிலிருந்து பிடிஎஃப் எடுத்துக் கொடுங்கள். பழைய கோரல் ஃபைல்கள்தான் சிக்கல்: இங்க்ஸ்கேப் சிலவற்றைத் திறக்கும், சிலவற்றைக் குலைத்துவிடும். பழைய வாடிக்கையாளர்கள் அதே டிசைனை அடிக்கடி கேட்பார்கள் என்றால், ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் கோரல் உரிமம் வாங்குங்கள். மற்றவற்றில் இலவச மென்பொருள் போதும். மாணவர் சலுகை விலையில் மகள் பெயரில் வாங்கிக் கடையில் போடாதீர்கள், அதுவும் விதிமீறல்தான்.

எழுத்துருவை மறந்துவிடாதீர்கள், அதுவும் ஒருவருடைய உழைப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பத்திரிகையிலும் ஃபிளெக்ஸிலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். இவை யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில் இருப்பதால், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வாசகங்களை எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் யூனிகோடாக்கி, ஒருமுறை பிழைதிருத்திய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.