அழுத்தினால் வீங்கும் கல்

கேள்வி: புனேயில் வேலை பார்க்கும் தங்கை மகன் லீவுக்கு வந்தபோது ஒரு கல் கொண்டுவந்தான். கொய்யாப்பழத்தின் உள்சதை போல வெளிர் இளஞ்சிவப்பு, நடுவில் இடுப்பு ஒடுங்கிய கதிர்க்கட்டு போல உருவம். ஸ்டில்பைட்டாம், சூடாக்கினால் கொதிக்குமாம். கல் எப்படிக் கொதிக்கும்? உள்ளே தண்ணீர் இருக்கிறதென்றால், பலமாக அழுத்தும்போது ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் அது வெளியே வந்துவிடாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பையன் சொன்னது சரி. 1756-ல் ஸ்வீடனின் கனிமவியலாளர் அக்செல் குரோன்ஸ்டெட் இந்த வகைக் கல் ஒன்றைத் தீயில் காட்டினார், அது நுரைத்துப் பொங்கியது. ‘கொதிக்கும் கல்’ என்று பொருள் வரும்படி கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஜியோலைட் என்று பெயர் வைத்தார். ஒரு செதிளை இடுக்கியில் பிடித்து ஊதுகுழல் தீயில் காட்டினால் ஏடு ஏடாகப் பிரிந்து, புழுபோல் சுருண்டு வீங்கி, கடைசியில் வெள்ளைக் கண்ணாடியாக உருகும். உங்கள் கல்லை வைத்துச் செய்து பார்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. தக்காணத்தில் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு ஆறிப் பாறையானபோது உள்ளே குமிழிகள் வெற்றிடமாக நின்றுவிட்டன. பிற்பாடு அவற்றுக்குள் கசிந்த வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்த படிகம் அது.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், காய்ந்த பீர்க்கங்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் கோத்துக் கட்டிய கூடு, அதில் ஒழுங்கான சந்துகள், அந்தச் சந்துகளில் சோடியம், கால்சியம் அயனிகளும் அவற்றைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளும். மெல்லச் சூடாக்கினால் தண்ணீர் போய்விடும், கூடு நிற்கும், ஈரக்காற்றில் வைத்தால் பல ஜியோலைட்டுகள் மறுபடி குடித்துக்கொள்ளும். இன்னும் சூடேற்றினால் கூடு சரிந்துவிடும். எந்தச் சூட்டில் சரியும் என்பது பெரும்பாலும் அலுமினியத்தைப் பொறுத்தது: அது குறைந்து சிலிக்கான் கூடினால் தாங்கும் சக்தியும் கூடும். இயற்கையில் கிடைப்பவற்றில் பல சில நூறு டிகிரியிலேயே தளர்ந்துவிடும்போது, பெட்ரோலிய ஆலைகளுக்கென்று செய்யும் சில வகைகள் 1,000 டிகிரி செல்சியஸ் வரை நிற்கின்றன.

இப்போது அழுத்தம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பிழிந்தால் வெளியே வரும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கல்லைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது. ராபர்ட் ஹேசனும் லாரி ஃபிங்கரும் 1984-ல் ஒரே ஜியோலைட்டை வெவ்வேறு திரவங்களில் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். சந்துக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறு கொண்ட கிளிசராலில் அது நன்றாகச் சுருங்கியது, நுழையக்கூடிய சின்ன மூலக்கூறுள்ள திரவத்திலோ அவ்வளவு சுருங்கவில்லை, உள்ளே போன மூலக்கூறுகள் முட்டுக்கொடுத்து நின்றன.

நேட்ரோலைட் என்ற ஜியோலைட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. யோங்ஜே லீயும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட சோதனையில், தண்ணீரோடு சேர்த்து அழுத்தும்போது சுமார் 0.8 முதல் 1.5 கிகாபாஸ்கலுக்குள் அது வீங்கியது! 1 கிகாபாஸ்கல் என்றால் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு, உலகின் மிக ஆழமான கடலடியில் இருப்பதைவிடவே சுமார் 9 மடங்கு. அந்த அழுத்தத்தில் படிகத்துக்குள் இருந்த தண்ணீர் இரண்டு மடங்கானது, கன அளவு சுமார் 2.5 சதவீதம் கூடியது. மடக்கித் தட்டையாக்கிய அட்டைப்பெட்டியின் இரண்டு ஓரங்களைப் பிடித்து எதிரெதிராக அமுக்கிப் பாருங்கள், வாய் திறந்துகொள்ளும். நேட்ரோலைட்டின் சங்கிலிகளும் அப்படித்தான் திரும்புகின்றன, நசுங்கினதுபோல் இருந்த சந்து வட்டமாகிறது, வெளியே நெருக்கிக்கொண்டு நிற்கும் தண்ணீர் அதில் போய் உட்காருகிறது. அழுத்தத்தை விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதைப் பார்ப்பதற்குப் பெரிய எந்திரம் வேண்டியதில்லை, கைக்குள் அடங்கும் கருவி போதும். இரண்டு வைரங்கள் முனையோடு முனை பார்த்து நிற்கும், நடுவே ஓர் உலோகத் தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதற்குள் கல்லின் பொடி, திரவம், அப்புறம் துளியூண்டு மாணிக்கம். லேசர் பட்டால் மாணிக்கம் சிவப்பாக ஒளிரும், அழுத்தம் கூடக் கூட அந்தச் சிவப்பின் அலைநீளம் நகரும், அந்த நகர்வை அளந்து அழுத்தத்தைச் சொல்லிவிடலாம். வைரம் எக்ஸ் கதிரை உள்ளே விடுவதால் படிகம் மாறுவதை அங்கேயே பார்க்க முடிகிறது.

கேள்வி: பூமிக்கு அடியில் சூடும் அழுத்தமும் சேர்ந்துதானே இருக்கும்? அங்கே இந்தக் கற்கள் என்னவாகும்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இறங்க இறங்க ஒரு ஜியோலைட் வகை இன்னொரு வகைக்கு இடம் விடும். கிழக்கு ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறைகளில் ஜார்ஜ் வாக்கர் 1960-ல் இதை அடுக்கு அடுக்காக வரைந்து காட்டினார், மேலே சாபசைட், அதற்குக் கீழே அனால்சைம், அதற்கும் கீழே மெசோலைட். எந்த அடுக்கு இப்போது தரையில் தெரிகிறதோ அதை வைத்து, மேலிருந்து எவ்வளவு பாறை அரிபட்டுப் போயிருக்கும் என்றுகூடக் கணக்கிட்டார். இன்னும் ஆழத்தில் சந்துகளுக்கே இடமில்லை. அனால்சைம் கடும் அழுத்தத்தில் தண்ணீரைக் கைவிட்டு ஜேடைட் ஆகிவிடும். ஆம், பச்சை நிறத்தில் நகைக்கு வாங்குகிறோமே அந்த ஜேடின் ஒரு வகைதான் ஜேடைட், தண்ணீரைக் கழித்துவிட்டால் இரண்டுக்கும் வேதிவாய்பாடு ஒன்றே.

சூடும் அழுத்தமும் சேர்ந்தால் வாயுவைக்கூடச் சிறைவைக்கலாம். எதனோடும் எளிதில் ஒட்டாத செனான் வாயுவை, சோடியத்துக்குப் பதில் வெள்ளி ஏற்றிய நேட்ரோலைட்டுக்குள் 1.7 கிகாபாஸ்கல், 250 டிகிரியில் நுழைத்ததாக 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. அழுத்தத்தை விட்ட பிறகும் செனான் வெளியே வரவில்லை, சூடாக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பூமியின் காற்றில் எதிர்பார்த்ததைவிடச் செனான் ஏன் குறைவு என்பது பழைய புதிர். அதற்கு இது ஒரு துப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரிலும் ஜியோலைட் என்கிறார்கள். அழுத்தத்தில் அது உடைந்துவிடுமா?
– வாசகர், சேலம்

பதில்: கவலை வேண்டாம். அதில் சில வளிமண்டல அழுத்தம்தான், கூட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை விடும், அழுத்தம் குறைந்ததும் நைட்ரஜனை வெளியே தள்ளும். ஈரம்தான் அதற்கு ஆகாது, தண்ணீர் சந்துகளைப் பிடித்துக்கொண்டால் நைட்ரஜனுக்கு இடம் இருக்காது. ஃபில்டரைச் சொன்ன நாளில் சுத்தம் செய்யுங்கள், ஈரமான அறையில் வைக்காதீர்கள், வருகிற ஆக்சிஜனின் அளவை அவ்வப்போது மெக்கானிக்கை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.