புகை வாடையும் பக்கத்து சீட்டும்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிலாளர்களுக்கான எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஊட்டிக்குக் கல்லூரி போகிறேன். மழைக்காலத்தில் துணி காயாது. அம்மா விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவார், அந்தப் புகை வாடை ஸ்வெட்டரை விட்டுப் போகவே போகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் வகுப்புத் தோழி இப்போது எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறாள். போன மாதம் கல்லூரியில் வி.ஆர். ஹெட்செட் (கம்ப்யூட்டர் உருவாக்கும் உலகத்துக்குள் நாமே நிற்பதுபோலக் காட்டும் கண்மாட்டி) மாட்டிவிட்டார்கள், அதற்குள்ளே அதே தோழியின் உருவம் என் தோளை ஒட்டி நின்று பேசியது. வாசனையே இல்லாத அப்படி ஓர் உலகத்தில் இந்த ஒதுக்கல் இருக்காதுதானே? – ஒரு வாசகி

பதில்: இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 2008-ல் நெதர்லாந்தில் டாட்ஷ், விக்போல்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டச்சுக்காரர்களுக்கு ஹெட்செட் மாட்டி, உள்ளே நிற்கும் உருவங்களின் பக்கத்தில் போகச் சொன்னார்கள். யார் எவ்வளவு தள்ளி நின்றார்கள் என்பதைக் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும். அங்கே குடியேறி வாழும் மொராக்கோ மக்கள்மேல் மனதுக்குள் கசப்பு வைத்திருந்தவர்கள் மொராக்கோ முகச்சாயல் உள்ள உருவத்திடம் கூடுதலாகத் தள்ளி நின்றார்கள், தோலில் வியர்வை கூடுவதைக் கருவியும் காட்டியது. அங்கே வாசனை என்று ஒன்றும் இல்லை, வெறும் படம்.

அப்படியானால் மூக்குக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. கெட்டுப்போன சாப்பாடு, நோய் இதிலிருந்தெல்லாம் நம்மைத் தள்ளி நிறுத்துவது மூக்கின் பழைய வேலை, அந்த எச்சரிக்கைதான் சில நேரம் பழக்கமில்லாத மனிதர்களைப் பார்த்தும் அடித்துவிடுகிறது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இல்லாத ஒரு அகதிக் கூட்டத்தைக் கற்பனையாக உருவாக்கி, அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். உடல் வாடைக்குச் சட்டென்று அருவருப்படைகிறவர்களிடம் அந்தக் கூட்டத்தின்மேல் வெறுப்பும் அதிகமாக இருந்தது. முகர்ந்து பார்க்க அங்கே ஒரு ஆள்கூடக் கிடையாது! அதற்காக, வாடை பிடிக்காதவர்கள் எல்லாரும் ஆளை ஒதுக்குகிறவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சராசரியாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து வருகின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்று, மூக்கு நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் முகரும். 1899-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் ஸ்லாசன் என்ற பேராசிரியர் ஒரு சொற்பொழிவின்போது பஞ்சில் எதையோ ஊற்றி, வாசனை வந்ததும் கையைத் தூக்குங்கள் என்றார். முன்வரிசையில் தொடங்கி முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள், ஊற்றியது காய்ச்சி வடித்த தண்ணீர். நம் தமிழிலேயே பாருங்கள், 'நாற்றம்' என்பது ஒரு காலத்தில் பூ மணத்துக்கும் சொன்ன சொல்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்கள் ரிசார்ட்டில் காசு கொடுத்து கேம்ப் ஃபயர் போட்டுச் சுற்றி உட்காருகிறார்கள், அந்தப் புகையும் விறகுப் புகைதான், ஊர் போய்ச் சேரும்வரை அவர்கள் ஜாக்கெட்டிலும் இருக்கும். யாராவது எழுந்து போகிறார்களா?

சரி, உங்கள் தோழிக்கு வருவோம். அவளுக்குப் புகை நிஜமாகவே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், வீசிங் இருக்கலாம், நேராகக் கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தால் அவள் ஜன்னலோரம் உட்காரட்டும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். ஆனால் அவள் எழுந்து போக ஆரம்பித்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். போன மழைக்கும் இதே ஸ்வெட்டர், இதே வாடை, அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், உங்கள் வீடு எஸ்டேட் லைனில் என்று தெரிந்த பிறகுதான் மாறினாள் என்றால், அம்மாவிடம் போய் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள், ஸ்வெட்டரையும் மூன்று தரம் அலசிக்கொண்டிருக்க வேண்டாம், தெரிந்ததைத் தோழியிடமே முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.