செல்போன் பார்ப்பதால் குழந்தையின் பேச்சு தாமதமாகுமா?

ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசவில்லை, போனைக் காட்டித்தான் ஊட்டுகிறோம், அதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குழந்தை ‘ஆ’ என்றால் நீங்கள் பதில் பேசுவீர்கள், வீடியோ பேசாது. 2003இல் குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீஷியா குல் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் பேசக் கேட்டவர்கள் அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள்; அதே வயதில் வீடியோவில் கேட்டவர்கள் கற்கவில்லை.

முதலில் சாப்பாட்டு நேரப் போனை நிறுத்துங்கள். சில நாள் அழும், குறைவாகச் சாப்பிடும்; பயப்படாதீர்கள். ‘இட்லியா, வாழைப்பழமா?’ என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்பட்டுத் தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள்.

போனை நிறுத்திப் பார்க்கலாம் என்று காது கேட்கும் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டாலே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.