சிகரெட்டை விட்டதும் இருமலும் தூக்கமின்மையும் ஏன்?

சிகரெட்டை விட்டு நாலு நாளாகிறது; இருமல் கூடிவிட்டது, மலச்சிக்கல், ராத்திரி தூக்கமே இல்லை, இது இயல்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்புதான், பயப்படாதீர்கள். நிக்கோட்டின் கிடைக்காத தவிப்புக்கு முதல் 2, 3 நாட்கள்தான் உச்சம். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் நுண்மயிர்கள் மறுபடி சளியை மேலே தள்ளுவதால் இருமல். குடலைத் தூண்டிக்கொண்டிருந்த நிக்கோட்டின் நின்றதால் மலச்சிக்கல். தண்ணீர், கீரை, கொய்யா உதவும்.

தூக்கம் கெடுவதற்குப் பலரும் கவனிக்காத ஒரு காரணம் காபி. புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபீனை வேகமாகச் சிதைக்க வைக்கும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமான அதே டம்ளர் காபி இப்போது உடம்பில் அதிக நேரம் தங்கி, படபடப்பும் கைநடுக்கமும் தரும். அளவைப் பாதியாக்குங்கள், சாயங்காலக் காபி வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சளியில் ரத்தம் என்றால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.