அட்டாச்டு பாத்ரூமும் பெட்ரூமும்: இடிப்பதற்கு முன் சில கேள்விகள்

மதுரையிலிருந்து ஒரு வாசகி: பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் தரையிலிருந்து இரண்டடி வரை பெயின்ட் உப்பி உதிர்கிறது. இருமுறை பட்டி பார்த்து அடித்தாகிவிட்டது. இப்போது பெட்ரூமை மட்டும் புதுப்பித்துவிட்டு, பாத்ரூமை அடுத்த வருஷம் பார்க்கலாமா சார்?

வேண்டாம்மா, பாத்ரூம்தான் முதலில். அந்தச் சுவருக்குப் புதுசாக என்ன பூசினாலும் மறுபடி உப்பு பூக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். பிளஷ் டேங்க் ஒழுகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் இருக்கும் குழாய் மேல் சந்தேகப்படலாம். இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் தரையும் வடிகால் இணைப்பும்தான்.

சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பு: பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி. கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே கசிவு என்று புகார் சொல்கிறார்.

கசிவே இல்லாத வீட்டில், சுவருக்கு மட்டும் என்றால் சரி என்பேன். உங்கள் வீட்டில் கூடாது. மேலே ஒட்டினால் கசிவு அப்படியே இருக்கும். தரை உயர்ந்து, தண்ணீர் வாசல் தாண்டி பெட்ரூமுக்கும் வரும்.

பாத்ரூம் தளத்தை வீட்டுத் தளத்தைவிடத் தாழ்வாகப் போட்டு, குழாய் பதித்து, உடைகல் கொட்டி நிரப்பியிருப்பார்கள். தோண்டினால் அந்த உடைகல் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். அதை முழுக்க அள்ளி, தளம் காய்ந்த பிறகு வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட் அடிக்க வேண்டும். தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓரடி வரை ஏற்றச் சொல்லுங்கள். குளிக்கும் இடத்தில் இன்னும் உயரமாக. நான் குனிந்து பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: வடிகால் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் அந்த வட்டம். அங்கே வெறும் சிமென்ட்டை அப்பிவிட்டுப் போனால், பிளாஸ்டிக்கும் சிமென்ட்டும் ஒட்டாமல் மயிரிழை விரிசல் விடும். மொத்தக் கசிவுக்கும் அது ஒன்றே போதும்.

கோட் காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்து 48 மணி நேரம் தரையில் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். நீங்களே கீழ்வீட்டுக்குப் போய் கூரையைப் பாருங்கள். அதற்குள் டைல்ஸ் ஒட்ட ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தரை வாட்டம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

கோவை: இடம் பெரிதாகத் தெரிய கமோடை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா?

நாலு அங்குலக் குழாய்க்கு வாட்டம் வேண்டும். தூரம் கூடக் கூடத் தரையை உயர்த்த வேண்டிவரும். கமோடை இருக்கும் இடத்தில் விட்டு, வாஷ்பேசினை நகர்த்திப் பாருங்கள். சுவரை எடுப்பதாக இருந்தால் இன்ஜினீயரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள். தூண் இல்லாத பழைய வீடுகளில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது.

திருச்சி: அம்மாவுக்கு மூட்டுவலி. அவர்கள் அறையில் என்னென்ன மாற்றலாம் அண்ணா?

கதவிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். அகலம் மூன்றடி இருந்தால் வாக்கரோ சக்கர நாற்காலியோ நுழையும். தரைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ். கமோட் பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் கைப்பிடி. அது எங்கே வரும் என்று டைல்ஸுக்கு முன்பே முடிவு செய்து, பின்னால் திடமான பிடிப்பு வைத்துக்கொள்ளுங்கள். பொள்ளல் கல் (ஹாலோ பிளாக்) சுவரில் வெறும் ஸ்க்ரூ போட்டால், ஆள் எடைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் சின்ன இரவு விளக்கு. அப்புறம், தரையில் கால்மிதி விரிப்பு வேண்டவே வேண்டாம்.

சேலம்: கீசர் லைன்?

தனி வயர், 16 ஆம்ப் பாயின்ட், நல்ல எர்த். மெயினில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. சுடுதண்ணீருக்கு, சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்.

நாகர்கோவில்: பாத்ரூம் சுவரை ஒட்டியே வார்ட்ரோப் வருகிறது. எந்த பிளைவுட் வாங்குவது?

எதிர்ச்சுவர் கிடைத்தால் அங்கே மாற்றிவிடுங்கள். வழியில்லை என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் எடுத்து, சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவே ஓரங்குலம் காற்று போக விடுங்கள். ஆழம் இரண்டடி, எதிரே கட்டில் வரை நடக்க இரண்டரை அடி. இதை முதலில் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்துவிடுங்கள். பாத்ரூமில் தண்ணீரைத் தேக்கிக் கசிவு பார்த்த பிறகு தச்சரை வரச் சொன்னால் போதும்.