வளர்ந்த தெருப்பூனை வீட்டுக்கு வருகிறது: தடுப்பூசிச் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். குட்டியைத் தூக்கி வந்தவர்கள் கேட்டவை இல்லை. வாசலில் சாப்பிட்டுப் பழகிய வளர்ந்த பூனையை உள்ளே சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் கேட்டவை. எனக்கு இதில் உண்மையிலேயே சந்தோஷம். குட்டி என்றால் யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். முகத்தில் தழும்போடு நிற்கிற நாலு வயதுக் கடுவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கால்நடை மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பக்கம் சில மாதமாக ஒரு பூனை வருகிறது. மூன்று நான்கு வயது இருக்கும். இதுவரை ஊசி போட்டிருக்கிறார்களா என்று தெரியாது. இனிமேல் போட்டுப் பலன் உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. தடுப்பூசிக்கு வயது தாண்டிப்போவது என்று ஒன்று கிடையாது. பழைய விவரம் தெரியாத பூனையை, ஒரு ஊசியும் போடாத பூனையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை முன்பு யாராவது போட்டிருந்தாலும், மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை.

சொல்லப்போனால் வளர்ந்த பூனைக்கு வேலை சுலபம். குட்டிகளுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும். அது ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் அவற்றுக்கு நான்கு மாதம் தாண்டும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். வளர்ந்த பூனைக்கு அந்தத் தடை இல்லை. பன்லூக்கோபீனியா (கடும் வாந்தி, பேதியோடு உயிரையே பறிக்கக்கூடியது), ஹெர்பிஸ், கலிசி (இரண்டும் சளி, தும்மல் தருபவை) ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் சேர்த்து வரும் கூட்டுத் தடுப்பூசியை மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட்டால் அடித்தளம் அமைந்துவிடும். ரேபிஸ் ஊசி பொதுவாக ஒன்று, பிறகு ஒரு வருடத்தில் பூஸ்டர். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமா, மூன்று வருடத்துக்கு ஒரு முறையா என்பது மருந்தின் வகையையும், பூனை வெளியே போகிறதா என்பதையும், உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். பன்லூக்கோபீனியாவுக்கு எதிராக இந்த ஊசி மிக உறுதியான பாதுகாப்பு. ஹெர்பிஸுக்கும் கலிசிக்கும் அப்படி இல்லை. அவை தொற்றுவதை முழுதாகத் தடுக்காது, வந்தால் கடுமையைக் குறைக்கும். ஹெர்பிஸ் ஒரு முறை உடம்பில் புகுந்தால் ஆயுள் முழுக்க உள்ளேயே பதுங்கியிருக்கும். பூனைக்கு மனசு சரியில்லாத நாளில், வீடு மாறினால், புது ஆள் வந்தால், தும்மலும் கண்ணீருமாக எட்டிப் பார்க்கும். தெருவில் வளர்ந்த பூனைகளில் நிறையவற்றுக்கு இது இருக்கும். ஊசி போட்ட பிறகும் தும்முகிறதே என்று ஊசியைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஊசி போட்டுவிடலாமா?

பதில்: போடலாம், ஆனால் ஊசி முதல் வேலை இல்லை. முதலில் அது யாராவது வளர்த்த பூனையா என்று பாருங்கள். காணாமல் போன பூனையும் இரண்டு மாதத்தில் தெருப்பூனை மாதிரிதான் ஆகிவிடும். வளர்ப்பவரைக் கண்டுபிடிக்க உதவும் மைக்ரோசிப் என்ற சின்னச் சில்லு தோலுக்கடியில் இருக்கலாம். மருத்துவமனையில் அதற்கான ஸ்கேனரைக் கழுத்திலும் தோளிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், யாரோ பிடித்துக் கருத்தடை செய்துவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பெரும்பாலும் ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனாலும் கையில் சீட்டு இல்லாதவரை கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து உடல் பரிசோதனை. உதட்டைத் தூக்கினால் பல்லில் படிந்த காறையை வைத்து வயதை ஓரளவு சொல்லலாம். ஈறு வெளுத்திருந்தால் ரத்தசோகை. காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தால் காதுச் செள் என்ற நுண்ணிய பூச்சி. வாலின் அடிப்பகுதியில் முடியைப் பிரித்துப் பார்த்தால் கறுப்புப் பொடி தெரியும். அதை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்துங்கள். பஞ்சு செம்பழுப்பாக மாறினால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது உங்கள் பூனையின் ரத்தம். தெள்ளு இருந்தால் நாடாப்புழுவும் இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கித்தான் அந்தப் புழு உள்ளே போகிறது. குடற்புழு மருந்தும் தெள்ளு மருந்தும் சேர்ந்தே கொடுக்க வேண்டியவை.

காய்ச்சல், சாப்பிடாமை, வாந்தி, பேதி இருந்தால் ஊசியைத் தள்ளிவைப்போம். லேசான தும்மலோ, உடம்பில் புழு இருப்பதோ காரணமாகாது. இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று மாதக்கணக்கில் ஒத்திப்போடுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது தப்பு. பூனை நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால் அன்றே போடலாம்.

கேள்வி: சாப்பிட வருகிறது, ஆனால் தொடவிடாது. எப்படித்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது?

பதில்: கையால் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கோணியில் அமுக்குவது, பிடரியைப் பிடித்துத் தூக்குவது இரண்டும் வேண்டாம். ஒரு முறை அப்படிச் செய்தால், அதுவரை சம்பாதித்த நம்பிக்கை எல்லாம் போய்விடும்.

பூனையைத் தூக்கிப்போகும் கூடையைக் கதவு திறந்தபடி, அது வழக்கமாகச் சாப்பிடும் இடத்திலேயே வையுங்கள். கதவு காற்றில் ஆடிச் சத்தம் போடாதபடி கட்டிவிடுங்கள். உள்ளே ஒரு பழைய துணி. அது படுத்துப் பழகிய துணியாக இருந்தால் ரொம்ப நல்லது. முதலில் தட்டு கூடைக்கு வெளியே. அடுத்த நாள் வாசலில். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே, கடைசிச் சுவர் வரை. முழு உடம்பும் உள்ளே போய், வாலும் உள்ளே இருக்கையில், அவசரப்படாமல் அது சாப்பிடும்போதே கதவைத் தொட்டு அசைத்துப் பழக்குங்கள். மூடும் நாளில் அதற்கு வித்தியாசமே தெரியாது. மூடியதும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். இருட்டில் பெரும்பாலான பூனைகள் அடங்கிவிடும்.

மேல்மூடியும் திறக்கிற கூடையாக வாங்குங்கள். மூடியை எடுத்துவிட்டால், பூனை கீழ்ப்பாதியில் உட்கார்ந்தபடியே பரிசோதித்து ஊசி போட்டுவிட முடியும். ரொம்ப மிரளும் பூனை என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் கொடுக்கும் காபாபென்டின் என்ற மருந்தை எழுதித் தருவார். அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பிடிக்கப்போனபோது கையைக் கடித்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உடனே அதற்கு ரேபிஸ் ஊசி போட்டுவிட்டால் போதுமா?

பதில்: போதாது. இதைப் படித்தவுடன் எழுந்து போய்க் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கழுவி முடித்து நேராக மனிதர்களுக்கான மருத்துவமனைக்குப் போங்கள். இன்றே. பூனைக்கு இப்போது போடும் ஊசி, ஏற்கெனவே உங்களுக்குக் கிடைத்த கடிக்கு எந்த வகையிலும் உதவாது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். சரியான நேரத்தில் போட்டால் உங்களுக்கான ஊசி காப்பாற்றும்.

கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணிப்பார்கள். கடிக்கும் நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் வைரஸ் இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் பூனைக்கு நோய் வெளிப்பட்டுவிடும். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது. ரேபிஸ் உள்ள ஊர்களில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் பூனைக்கு ரேபிஸ் ஊசி போடாமல் இருப்பதே வழக்கம். ஊசியால் வரும் சோர்வா, நோயின் அறிகுறியா என்ற குழப்பம் வரக் கூடாது இல்லையா?

ரேபிஸை விட்டால்கூடப் பூனைக்கடி லேசான விஷயம் இல்லை. பல் ஊசிபோல ஆழமாக இறங்கி, மேல்தோல் சட்டென்று மூடிக்கொள்ளும். கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். மறுநாளே கை வீங்கிவிடலாம்.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. இரண்டையும் எப்போது சேர்த்துவிடலாம்?

பதில்: புதிதாக வந்ததைக் குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். சாப்பிடத் தனித் தட்டு, மலம், சிறுநீர் கழிக்கத் தனி மண்தட்டு. அந்த அறைக்குள் போய்வந்தால் கை கழுவுங்கள், மேல்சட்டையை மாற்றுங்கள். பன்லூக்கோபீனியா தொற்றினால் அறிகுறி தெரியச் சில நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகலாம். அதுவரை பூனை நன்றாகவே இருப்பதுபோலத் தெரியும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். கைக்குப் போடும் ஆல்கஹால் திரவம் அதை ஒன்றும் செய்யாது. தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் ஒழியும். சிறுநீர் கிடக்கிற இடத்தில் நேரடியாகப் பிளீச் ஊற்றாதீர்கள், மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு ரத்தப் பரிசோதனை அவசியம்: பூனை லுக்கேமியா வைரஸ், பூனைகளுக்கு வரும் எஃப்ஐவி. இரண்டுமே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்கள். லுக்கேமியா எச்சில் வழியாக, ஒன்றையொன்று நக்குவதில்கூடப் பரவும். எஃப்ஐவி பெரும்பாலும் ஆழமான கடியால்தான் பரவும், அதனால் சண்டைக்காரக் கடுவன்களிடம் அதிகம். இரண்டும் மனிதருக்கு வராது. தொற்றிய புதிதில் பரிசோதனை தவறான முடிவு காட்டக்கூடும் என்பதால், ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. லுக்கேமியா இல்லை என்று தெரிந்த பிறகே அதற்கான தடுப்பூசி.

எஃப்ஐவி இருக்கிறது என்று வந்தால் தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள். நல்ல சாப்பாடு, வீட்டுக்குள் வாழ்க்கை, பல் பராமரிப்பு இருந்தால் அந்தப் பூனைகள் பல வருடம் நன்றாக வாழ்கின்றன. இதைக் கேட்டதும் முகம் மாறிப் பூனையைத் திரும்பத் தெருவில் விட நினைப்பவர்களிடம் நான் மன்றாடியே பேசுவேன்.

கேள்வி: பெட்டைப் பூனை. வயிறு பெரிதாக இருக்கிறது. ஊசி போடலாமா?

பதில்: முதலில் வயிற்றில் இருப்பது குட்டியா, புழுவா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேன் சொல்லிவிடும். சினையாக இருந்தால் உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த பன்லூக்கோபீனியா ஊசி கூடாது. அது குட்டிகளின் சிறுமூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். பிறந்தபின் தலை நடுங்கி, தள்ளாடித் தள்ளாடி நடக்கும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பொறுத்திருக்கலாம். சினை இல்லை என்றால் கருத்தடையைத் தள்ளிப்போட வேண்டாம். பூனைகள் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். அறுவை சிகிச்சை அன்றே தடுப்பூசியும் போடலாம்.

கேள்வி: நேற்று ஊசி போட்டோம். இன்று முழுக்கத் தூங்குகிறது, ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம்.

பதில்: ஒன்றிரண்டு நாள் சோர்வு சாதாரணம். ஆனால் ஊசி போட்ட சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ முகம் வீங்கினால், விடாமல் வாந்தி எடுத்தால், மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே ஓடுங்கள். வீக்கம் பொதுவாகச் சில வாரத்தில் கரைந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானாலோ, ஊசி போட்டு ஒரு மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே போனாலோ காட்டியாக வேண்டும். மிக அரிதாக அந்த இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. அப்படி வந்தால் முழுதாக வெட்டி எடுக்க வசதியாக இருக்கும் என்பதால்தான் கால் அல்லது வால் பகுதியில் ஊசி போடுவதை மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மிச்சம் இருக்கிறது. பூனைக்கு விடலாமா? காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால்?

பதில்: இரண்டும் கூடாது, கால் பங்குகூடக் கூடாது. நாய் மருந்துகளில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

கேள்வி: என் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பூனையைத் துரத்தச் சொல்கிறார்கள். பூனை மலம் வழியாகப் பரவிக் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு ஊசி உண்டா?

பதில்: பூனைக்கு அப்படி ஒரு ஊசி கிடையாது. துரத்தவும் தேவையில்லை. பூனை பெரும்பாலும் முதல் முறை தொற்றும்போது மட்டுமே, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அந்தக் கிருமியை வெளியேற்றும். வெளியேறிய கிருமியும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே மண்தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம், வேட்டையாட வெளியே விட வேண்டாம். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, கையுறை இல்லாமல் தோட்டவேலை, இவற்றால் வரும் ஆபத்தைத்தான் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவரிடமும் பூனை இருப்பதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: முதல் ஊசி போட்டோம், அப்புறம் பூனை பிடிபடவே இல்லை. நான்கு மாதம் ஓடிவிட்டது. வீணா?

பதில்: வீண் இல்லை. பன்லூக்கோபீனியாவுக்கு வளர்ந்த பூனையில் ஒரு ஊசியே பெரும்பாலும் நல்ல பாதுகாப்பைக் கொடுத்திருக்கும். மற்ற இரண்டுக்கும்தான் அது அரைகுறையாக நிற்கும். முதலில் போட்டது எந்த வகை மருந்து என்பதைப் பொறுத்து, மருத்துவர் ஒன்றோடு முடிக்கலாம், அல்லது மறுபடி இரண்டாகத் தொடங்கலாம். அதற்குத்தான் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டைப் பூனையின் அட்டையில் ஒட்டி, தேதியும் உடம்பில் போட்ட இடமும் எழுதி வாங்கச் சொல்கிறேன். இனி இந்த முறை கூடையை ஊசிக்கு முந்தின நாள் மட்டும் வெளியே எடுக்காமல், நிரந்தரமாக வீட்டிலேயே திறந்து வைத்துவிடுங்கள். அதில் அது தானாகவே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு தேதி வாங்குங்கள்.