சுவாதீனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சட்டம் படிக்கிறேன். நியாயமான இழப்பீடு தராமல் நிலத்தை எடுக்கக்கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனமே சொல்கிறது. நாமோ 1978-ல் 44-வது திருத்தம் கொண்டுவந்து சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்துவிட்டோம். சட்டம் மாறினால் இங்கே சொத்துக்குப் பாதுகாப்பே இல்லையா? எந்த நாட்டு முறை சிறந்தது?

மு., குரோம்பேட்டை

அன்புள்ள மு.,

‘பாதுகாப்பே இல்லையா’ என்று கேட்பதற்கு முன்னால், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிற 300ஏ பிரிவைப் படித்திருக்க வேண்டாமா? அடிப்படை உரிமை போனது, அரசியல் சாசன உரிமை போகவில்லை. அமெரிக்காவிலும் 2005-ல் கெலோ வழக்கில் ஊர் வளர்ச்சிக்காக வீடுகளை எடுத்தது சரிதான் என்று ஐந்து நீதிபதிகள் ஆதரிக்க, நான்கு பேர் எதிர்க்க, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எடுத்த இடம் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது. மற்ற நாடுகளை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரமாக அப்பாவின் பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

மாதவரம் பக்கம் தாத்தா விட்டுப்போன காலிமனை 1978 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் மாட்டியது. வரம்புக்கு மேல் உபரி என்றார்கள். 1999-ல் அந்தச் சட்டமே ரத்தானது. ரத்துச் சட்டம் சொன்னது இதுதான்: அரசு ஏற்கெனவே சுவாதீனம் எடுத்திருந்தால், அதாவது நிலத்தைத் தன் கைவசம் எடுத்திருந்தால், நிலம் அரசுக்கு, எடுக்காவிட்டால் நடவடிக்கை அத்தோடு விழுந்துவிடும். அப்பா ஸ்வீட் வாங்கிவந்தார்.

அப்புறம்தான் தெரிந்தது, சுவாதீனம் எப்போதோ எடுத்தாகிவிட்டதாம். காகிதத்தில். ஒரு அலுவலர் ஒப்படைக்க, இன்னொருவர் பெற்றுக்கொண்டார். எங்களுக்கு நோட்டீஸும் இல்லை, ஒப்படைத்ததாக அப்பாவின் கையெழுத்தும் இல்லை. அதில் போட்டிருந்த தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தவறாமல் சைக்கிளில் போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிய மனுஷன் அப்பா. “அன்னைக்கு நான் அங்கேதானேடா இருந்தேன், யாருமே வரலையே!” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் பாடப்புத்தகம் உரிமையைச் சாசனத்தில் தேடுகிறது. சட்டம் மாறுகிற அன்று அது ரத்துச் சட்டத்தின் 3-வது, 4-வது பிரிவில் இருக்கிறது, ‘சுவாதீனம்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. 2013-ல் ஹரிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலம் காகிதத்தில் அரசுக்குச் சேர்வது வேறு, நேரில் கைக்கு வருவது வேறு என்றது. அது உத்தரப் பிரதேச வழக்கு, அங்கேயும் இதே உச்சவரம்புப் பிரச்சினைதான். எங்கள் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார், ஜெயித்தோம். அப்பா இல்லை.

முருங்கை இருக்கிறது. இந்த வருஷம் கம்பளிப்பூச்சி ஜாஸ்தி.